படிக்க வந்த பிள்ளை பணத்துக்காக நிற்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தெருவெல்லாம் மிட்டாய். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டில் அடகுக்கடை ரசீது!

சென்னையில் வருஷம் தவறாமல் நடக்கும் காட்சி இது. கவுன்சிலிங்கில் மகளுக்கு என்ஜினீயரிங் சீட் கிடைத்துவிட்டது. அக்கம் பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கல்லூரி ஆபீஸ் ஜன்னல் முன்னால் நிற்கும் தகப்பனார் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. இத்தனை நாளுக்குள் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டுகிறார்கள். வாங்கிப் பார்க்கிறார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். வீட்டுக்காரி கழுத்தில் கிடக்கும் இரண்டு சவரன்தான் அவர் நினைவுக்கு வருகிறது.

இதிலே கொடுமை என்ன தெரியுமா? அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய உதவிப் பணம் சர்க்கார் கணக்கில் இருக்கிறது. கேட்க வேண்டிய முறையில், கேட்க வேண்டிய நாளுக்குள் கேட்கவில்லை. அல்லது கேட்டும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான்!

கல்விக்குப் பணம் ஒதுக்கவே இல்லை என்று எந்த சர்க்காரையும் குறை சொல்ல முடியாது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944லேயே தொடங்கிவிட்டது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே வந்த திட்டம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்துவிட்டன. திட்டத்துக்குப் பஞ்சமில்லை. திட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இல்லை!

மூன்றும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். "கவர்மெண்டுல பணம் தர்றாங்களாம்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வது மூன்று தனித்தனி விஷயங்களை.

ஒன்று, ஸ்காலர்ஷிப். கையில் வரும் பணம். திருப்பிக் கட்ட வேண்டாம்.

இரண்டு, கட்டணச் சலுகை. கையில் பணம் வராது. கல்லூரி கேட்கும் தொகை குறையும்.

மூன்று, கல்விக் கடன். இது பாங்கிப் பணம். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

முதல் இரண்டையும் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, மிச்சம் விழும் துண்டுக்குத்தான் மூன்றாவதைத் தொட வேண்டும். ஆனால் நடப்பது தலைகீழ்! எடுத்த எடுப்பிலே பாங்கி வாசலுக்கு ஓடுகிறார்கள். கட்டணச் சலுகை என்று ஒன்று இருப்பது இரண்டாம் வருஷத்தில்தான் தெரிகிறது.

யாருக்கு என்ன?

குடும்பத்திலேயே முதன்முதலாக டிகிரிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. 2010ல் வந்தது. தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். அண்ணனோ அக்காளோ முன்பே பட்டம் வாங்கியிருந்தால் கிடையாது. இன்னொன்றும் உண்டு. தொழிற்கல்வியில் கவுன்சிலிங் மூலம் சீட் வாங்கியவருக்குத்தான் இந்தச் சலுகை. "மானேஜ்மெண்ட் கோட்டாவுல சேர்ந்துடுங்க, ஈசியா முடிஞ்சிடும்" என்று யாராவது ஆசை காட்டினால், போவது நன்கொடை மட்டுமல்ல. இந்தச் சலுகையும் சேர்ந்தே போகும்!

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020ல் வந்தது. 2021ல் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் நீண்டது. இந்த ஒதுக்கீட்டில் என்ஜினீயரிங் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அந்த வருஷமே அறிவித்தார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ந் தேதி தொடங்கியது. பையன்களுக்கு அதே 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் புதுமைப் பெண் தொகை தடைபடாது என்று அறிவிக்கும்போதே சொன்னார்கள். இது தெரியாமல், "எனக்குத்தான் வேற பணம் வருதே" என்று பேர் கொடுக்காமல் விட்ட பெண்கள் உண்டு. மாதம் 1,000 என்றால் வருஷத்துக்கு 12,000. புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டும் மத்தியானச் சாப்பாடும் அதிலே அடங்கும்.

மத்திய அரசின் திட்டம் ஒன்று. பிளஸ் டூவில் அந்தந்த போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த பிள்ளை, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், டிகிரிக்கு வருஷம் 12,000 ரூபாய். மேல்படிப்புக்கு 20,000. நாடு முழுக்க வருஷம் 82,000 பேருக்கு. ஆனால் வேறு ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. ஆக, ஒன்றோடு ஒன்று சேரும் திட்டமும் உண்டு, சேராத திட்டமும் உண்டு. எது பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மனுப் போட வேண்டும். டெக்னிக்கல் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தரும் பிரகதி ஸ்காலர்ஷிப் வருஷம் 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். இந்தப் பெயரையே கேள்விப்படாத வீடுகள் சென்னையில் எத்தனை எத்தனை!

யார் ஏழை?

இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்குப் பெற்றோர் வருமான வரம்பு வருஷம் 2.5 லட்சம் ரூபாய். பத்து வருஷத்துக்கும் மேலாக அதே வரம்பு! அரிசி விலை ஏறியது. வீட்டு வாடகை ஏறியது. கேஸ் சிலிண்டர் ஏறியது. பஸ் டிக்கெட் ஏறியது. இந்த வரம்பு மட்டும் நட்ட இடத்தில் நிற்கிறது.

2.5 லட்சத்தை 12ஆல் வகுத்துப் பாருங்கள். மாதம் 20,833 ரூபாய். தகப்பனார் துணிக்கடையில் 14,000 வாங்குகிறார். தாயார் இரண்டு வீட்டில் சமையல் செய்து 8,000 கொண்டு வருகிறார். இரண்டும் சேர்ந்தால் வருஷத்துக்கு 2,64,000. வரம்பைத் தாண்டிவிட்டது! அந்தக் குடும்பம் சர்க்கார் கண்ணில் ஏழை அல்ல. வாடகை வீட்டில், மாதக் கடைசியில் மளிகைக் கடை நோட்டில் கடன் எழுதும் குடும்பம்தான் அது.

கடனுக்கு என்று வந்தால் கதை வேறு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் வட்டிச் சலுகைக்கு வரம்பு 8 லட்சம். முற்பட்ட வகுப்பு ஏழைகளுக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுக்கும் வரம்பு 8 லட்சம். அங்கே 8, இங்கே 4.5, இன்னொரு இடத்தில் 2.5. ஒரே நாட்டில், ஒரே தெருவில் ஏழைக்கு மூன்று அளவுகோல்! கடன் வாங்கும்போது மூன்று மடங்கு ஏழையாக இருக்கலாம். இனாமாக வாங்கும்போது மட்டும் கூடாது என்பது என்ன நியாயம்?

இதன் விளைவு என்ன? உள்ளதைச் சொல்லும் தகப்பன் ஏமாறுகிறான். குறைத்துச் சொல்லும் தகப்பன் வாங்கிக்கொள்கிறான். நேர்மையாக இருப்பவனுக்கு அபராதம் போடுவதா ஒரு திட்டத்தின் வேலை?

இனிஷியலால் வந்த வினை

சரி, வரம்புக்குள் இருக்கும் பிள்ளைக்காவது ஒழுங்காகக் கிடைக்கிறதா?

ஏதாவது ஒரு கல்லூரி ஆபீசில் நவம்பர் மாதம் போய் நின்றால் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"சார், எல்லாருக்கும் வந்துடுச்சு. எனக்கு மட்டும் வரலை சார்."

"ஆதார்ல உன் பேர் எப்படிம்மா இருக்கு?"

"எஸ். இனிஷியல் முன்னாடி இருக்கு சார். டி.சி.யில பின்னாடி இருக்கு. பாங்க் புஸ்தகத்துல அப்பா பேரை முழுசாப் போட்டிருக்காங்க."

போச்சு! ஒரே பெண், கம்ப்யூட்டருக்கு மூன்று பெண்கள். தமிழ்நாட்டில் தகப்பன் பெயரை இனிஷியலாகப் போடும் வழக்கம் ஊரறிந்தது. டில்லியில் செய்த கம்ப்யூட்டர் திட்டத்துக்கு அது தெரியாது. பெயர் பொருந்தவில்லை என்று மனுவைத் தள்ளிவிடுகிறது. யாரைப் போய்க் கேட்பது?

அடுத்த கண்ணி, ஆதார் இணைப்பு. "பாங்க்ல ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துட்டேனே" என்பார்கள். அது போதாது. கணக்கில் ஆதார் நம்பரைக் குறித்து வைப்பது வேறு. சர்க்கார் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு கோர்த்து வைப்பது வேறு. இதற்குப் பாங்கியில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, கல்லூரி வாசலில் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருந்தால் கடைசியாகக் கோர்த்த கணக்குக்குத்தான் பணம் போகும். ஒரு கணக்கைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். பணம் இன்னொரு கணக்கில் தூங்கும்!

மூன்றாவது, போன் நம்பர். மனுப் போடும்போது தகப்பனார் நம்பர் கொடுத்தார்கள். ரீசார்ஜ் செய்ய முடியாமல் அந்த நம்பர் செத்துப்போனது. ஓ.டி.பி. யாருக்கோ போகிறது. இத்தனை ஆயிரம் ரூபாய், இருநூறு முந்நூறு ரூபாய் ரீசார்ஜில் நின்றுபோகிறது!

நான்காவதுதான் பெரிய கொடுமை. பிள்ளை எல்லாம் சரியாகச் செய்துவிட்டது. தேசிய ஸ்காலர்ஷிப் வெப்சைட்டில் மனுப் போட்டால் அதைக் கல்லூரி அதிகாரி திறந்து பார்த்து, இந்தப் பிள்ளை இங்கே படிப்பது உண்மைதான் என்று மேலே அனுப்ப வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு. அவர் லீவு. அடுத்த வாரம் பரீட்சை வேலை. அதற்கடுத்த வாரம் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. தேதி முடிந்தது! மனுச் செத்தது! ஒரு வருஷப் பணம் போனது. அதற்கு அந்தக் கல்லூரிக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. பிள்ளைக்குத்தான் தண்டனை.

முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்!

இதைவிடப் பெரிய விசித்திரம் ஒன்று. கட்டணம் கேட்பது ஜூலை, ஆகஸ்டில். உதவிப் பணம் வருவது வருஷக் கடைசியில். சில சமயம் அடுத்த வருஷத்தில். நடுவில் பிள்ளை என்ன செய்யும்?

"மொதல்ல கட்டிடுங்க. ஸ்காலர்ஷிப் வந்ததும் எடுத்துக்குங்க" என்று சில தனியார் கல்லூரிகளில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கட்ட முடிகிறவனுக்கு எதற்கய்யா ஸ்காலர்ஷிப்? பசிக்கிறவனிடம், "முதலில் ஓட்டலில் சாப்பிட்டு பில்லைக் கொண்டு வா" என்று சொல்வது போலத்தான் இது. கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணத்தின் வட்டியே, பிறகு வரும் உதவித்தொகையில் பாதியைத் தின்றுவிடுகிறது.

சில இடங்களில் ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைக்கிறார்கள். சில இடங்களில் வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பேரைப் படிக்கிறார்கள். ஐம்பது பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளை அடுத்த நாள் வகுப்புக்கு வருவதில்லை. அடுத்த வாரம் ஏதாவது கடையில் பில் போட உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் டிகிரி முடிந்தது!

ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய விதியில் இதற்கு வழி சொல்லியே இருக்கிறார்கள். தகுதியுள்ள பிள்ளைக்கு ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று தர வேண்டும்; அதைக் காட்டினால் முன்பணம் கேட்காமல் சேர்க்க வேண்டும்; உதவிப் பணம் வந்ததும் கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது கல்லூரி ஜன்னலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடன் வாங்குமுன்

எல்லாம் பார்த்தும் துண்டு விழுகிறது. கடன்தான் வழி என்றால், அதையும் தெரிந்து வாங்க வேண்டும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, 4 லட்சம் வரை கையிலிருந்து பங்குத் தொகை போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை வீடு, நிலம் என்று அடமானம் கேட்கக் கூடாது. தகப்பனாரோ தாயாரோ கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் கட்ட வேண்டாம் என்பதால் வட்டி ஓடாது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் தவணை கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்பு என்றால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடு 2009லிருந்து உண்டு. அந்தச் சலுகைக்கு உரிய வருமானச் சான்றைப் பாங்கியில் கொடுத்தால்தான் அதுவும். கொடுக்காமல் விட்டுவிட்டு, நாலு வருஷம் கழித்து வட்டியைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

"இந்தக் காலேஜுக்கு லோன் கிடையாது, போய்ட்டு வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பும் மானேஜர்களும் உண்டு. அதே மாதிரித் திட்டம் என்ன சொல்கிறது? கிளை மானேஜர் தானாக மனுவைத் தள்ளக் கூடாது. அடுத்த மேலதிகாரியின் சம்மதம் வேண்டும் என்கிறது. எனவே மனுவை எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்கு அத்தாட்சி கேட்பது புத்திசாலித்தனம். வாயால் கேட்டதற்கு வாயால் பதில். காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில் வந்தாக வேண்டும்.

வாசலில் நிற்கும் தரகர்

ஆபீஸ் கதவு மூடியிருந்தால் பக்கத்துச் சந்தில் தரகர் கடை திறக்கும். அது உலக வழக்கம். "அண்ணே, வருமான சர்டிபிகேட்டா? ரெண்டாயிரம் குடுங்க, நாளைக்கே கையில" என்பவன் இன்றும் இருக்கிறான். இ-சேவை மையத்தில் இந்த சர்டிபிகேட்டுக்கு உள்ள கட்டணம் 60 ரூபாய். 60 ரூபாய் வேலைக்கு 2,000 ரூபாய்!

புது மாதிரிக் கொள்ளையும் வந்திருக்கிறது. "ஸ்காலர்ஷிப் ஆபீசிலிருந்து பேசுறோம். உங்க மகளுக்குப் பணம் வந்திருக்கு. போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்பான். சொன்னால் கணக்கில் இருந்ததும் போகும். பிள்ளை பெயரும் கல்லூரி பெயரும் சரியாகச் சொல்லுகிறானே என்று நம்பிவிடுகிறார்கள். எந்த சர்க்கார் ஆபீசும் பணம் தருவதற்காகப் போனில் ஓ.டி.பி. கேட்காது. கேட்டால் திருடன்தான். 1930 என்ற நம்பரில் உடனே புகார் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். நாலு வேலை செய்தால் போதும்.

முதலாவது, பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பள்ளிக்கூடத்திலேயே சர்டிபிகேட் முகாம் நடத்த வேண்டும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றும் அங்கேயே மனு வாங்கி, ரிசல்ட் வருவதற்குள் கையில் தர வேண்டும். இனிஷியல் கோளாறையும் ஆதார் கோளாறையும் அங்கேயே தீர்த்துவிடலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு கல்லூரியிலும் அட்மிஷன் நாளில் உதவித்தொகைக்கு என்று தனி மேஜை போட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தத் திட்டம், கடைசித் தேதி என்ன, யாரைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் பலகை வைக்க வேண்டும். குறித்த தேதிக்குள் மனுவை மேலே அனுப்பாத கல்லூரி, அந்தப் பிள்ளையின் நஷ்டத்தைத் தானே கட்ட வேண்டும் என்று விதி போட்டால் பாஸ்வேர்டு மறக்காது!

மூன்றாவது, உதவிக்குத் தகுதியுள்ள பிள்ளையிடம் முன்பணம் கேட்பதையும், ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பதையும் தடுக்க வேண்டும். பணம் வரத் தாமதமானால் அது சர்க்காருக்கும் கல்லூரிக்கும் உள்ள வழக்கு. பிள்ளை நடுவில் நசுங்கக் கூடாது.

நான்காவது, 2.5 லட்சம் என்ற வரம்பை உயர்த்த வேண்டும். விலைவாசியோடு சேர்ந்து அதுவும் ஏற வழி செய்ய வேண்டும். அகவிலைப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறுகிறது. ஏழைப் பிள்ளையின் வரம்பு பத்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏற வேண்டாமா?

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு பைலில் ஆதார், பாங்கிப் புத்தகம், டி.சி., மார்க் சீட், சர்டிபிகேட் எல்லாவற்றையும் போட்டு, மனு நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வருமானச் சான்று எந்தத் தேதியில் வாங்கியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்காலர்ஷிப் ஒரு தடவை வந்தால் தானாக வருஷா வருஷம் வரும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் வாங்கி, இரண்டாம் வருஷம் மறந்து, மூன்றாம் வருஷம் அலைகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தெருவில் படித்த ஒரு குமாஸ்தா, ஒரு கடைக்காரர், ஒரு வாத்தியார் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்கு மனுப் போட்டுக் கொடுத்தால், அது கோயிலுக்கு விளக்குப் போடுவதற்குச் சமம்.

கல்விக் கண் திறப்போம் என்று மேடையில் பேசாத தலைவர் இல்லை. கண்ணைத் திறக்கக் காசும் ஒதுக்கியாகிவிட்டது. அந்தக் காசு ஒரு இனிஷியலில் சிக்கி, ஒரு பாஸ்வேர்டில் தடுக்கி, ஒரு கடைசித் தேதியில் விழுந்து கிடக்கிறது. குனிந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அடகுக்கடையில் இருக்கும் அந்த இரண்டு சவரன், தீபாவளிக்குள்ளாவது அந்தத் தாயின் கழுத்துக்குத் திரும்ப வேண்டும். சர்க்காரும் கல்லூரிகளும் மனது வைக்குமா?